பழைய காருக்குச் சக்கரம் தேடும் படலம்

ராஸ் லஃபானில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழாய் இணைப்பில் போல்ட் ஒன்று பழுதாகிவிட்டால், அதே நீளத்தில் அதே பளபளப்பில் இருக்கும் இன்னொன்றைக் கிடங்கிலிருந்து எடுத்து மாட்டிவிட முடியாது. எந்த உலோகம், எந்தத் தரம், யார் செய்தது, பரிசோதனைச் சான்றிதழ் எங்கே என்று நாலு பேர் கேட்பார்கள். 1996-ஆம் ஆண்டில் திரவ எரிவாயுக் கப்பல்கள் அங்கிருந்து புறப்படத் தொடங்கிய காலம் முதலே அந்த ஊரின் உயிர்நாடி இந்தக் கேள்விகள்தான். பார்வைக்கு ஒன்றாக இருப்பது வேறு, பொருளில் ஒன்றாக இருப்பது வேறு என்பது அங்கே முதல் நாளே கற்கிற பாடம்.

ஆனால் மனித சுபாவம் விசித்திரமானது. தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் அந்தப் பாடம் பலருக்கு மறந்துபோகிறது. ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவார்கள். அதன் சக்கரம் பழுதாகியிருக்கும். படத்தைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், "அச்சாக அதே மாதிரி இருக்கிறது" என்று திருப்திப்பட்டு நாலு சக்கரங்களை வரவழைத்துவிடுவார்கள். அந்தக் காரில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு அல்கோரிலிருந்து தோஹாவுக்குப் புறப்படும்போது, போல்ட்டுக்குக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூடச் சக்கரத்துக்குக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பழைய காருக்குப் பொருத்தமான சக்கரம் தேடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்குத்தானே என்று தோன்றலாம். தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆனால் அந்தத் தேடலில் எல்லோருக்கும் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. நம் ஊரைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு.

எந்தக் கார், எந்தச் சக்கரம்?

வளைகுடா நாடுகளில் பழைய கார்களின் மீது மோகம் அதிகம். தோஹாவுக்கு மேற்கே அல் சமரியாவில் உள்ள ஷேக் ஃபைசல் அருங்காட்சியகத்தில் பழைய கார்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பல அன்பர்கள் குழந்தைகளுடன் போய்ப் பார்த்திருப்பார்கள். ஷார்ஜாவிலும் பழைய கார்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. அபுதாபிக்குத் தெற்கே பிரமிடு வடிவக் கட்டடத்தில் ஒரு ஷேக்கின் சேகரிப்பு இருக்கிறது.

ஓர் உதாரணத்துக்கு, அல்கோரில் குடியிருக்கும் பொறியாளர் ஒருவர் 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. கார் ஒன்றை வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எம்.ஜி. கார்கள் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே அபிங்டன் என்ற சிற்றூரில் தயாரானவை. 1945 முதல் 1949 வரை வந்த எம்.ஜி. டி.சி. காரை அமெரிக்கச் சிப்பாய்கள் விரும்பி வாங்கித் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். அதன் பின் 1955-இல் எம்.ஜி.ஏ., 1962-இல் எம்.ஜி.பி. வந்தன. 1980-இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டபோது எம்.ஜி.பி. வகையில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளிவந்திருந்தன. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. ஆகவே ஸ்டியரிங் இடப்பக்கம் உள்ள எம்.ஜி. கிடைப்பது அரிதல்ல, வளைகுடாச் சாலைக்கும் அது தோதாக இருக்கிறது.

இந்தக் கார்கள் எல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையானாலும் சக்கரங்கள் ஒன்றல்ல. டி.சி.க்கு 19 அங்குலச் சக்கரம், மாட்டுவண்டிச் சக்கரம் போல உயரமாகவும் ஒல்லியாகவும் இருக்கும். எம்.ஜி.ஏ.வுக்கு 15 அங்குலம். எம்.ஜி.பி.க்கு 14 அங்குலம். எம்.ஜி.பி.யிலேயே சிலவற்றுக்குத் தகட்டுச் சக்கரம், சிலவற்றுக்குக் கம்பிச் சக்கரம். கம்பிச் சக்கரத்தில் வெள்ளி வண்ணம் அடித்ததே வழக்கமானது. குரோம் முலாம் வேண்டுமென்றால் கூடுதல் பணம். இன்று பலர் குரோம் சக்கரம்தான் "அசல்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பியில் நிற்கும் வண்டி

கம்பிச் சக்கரத்தின் தத்துவம் நம் எல்லோருக்கும் சைக்கிள் மூலம் பரிச்சயமானது. மாட்டுவண்டியில் ஆரக்கால்கள் தூண் போல நின்று பாரத்தைத் தாங்குகின்றன. சைக்கிளில் கம்பிகள் வீணைத் தந்தி போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. 1808-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் வேண்டுமென்று இப்படி யோசித்தார். 1874-இல் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைச் சாய்வாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோர்த்தால் முறுக்கு விசையையும் தாங்கும் என்று கண்டுபிடித்தார். அதே கவென்ட்ரியில் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் 1908 வாக்கில், ஒரே ஒரு நடு நட்டைக் கழற்றினால் சக்கரம் முழுவதும் கையோடு வந்துவிடும் முறையைக் கொண்டுவந்தது. பந்தயத்தில் ஒவ்வொரு நொடியும் முக்கியம் ஆயிற்றே! பிற்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களின் கம்பிச் சக்கரங்கள் எல்லாம் இதன் வாரிசுகள்.

இந்த முறையில் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் பல் பல்லாக வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அச்சின் முனையிலுள்ள ஹப்பின் மீதும் அதே போன்ற பற்கள். ஒன்றுக்குள் ஒன்று சொருகி, வெளியே பெரிய நட்டைப் போட்டு இறுக்குவார்கள். நட்டு சக்கரத்தை அச்சோடு பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் என்ஜினின் விசையும் பிரேக்கின் விசையும் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது அந்தப் பற்களின் வழியாகத்தான்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பிரேக் டிரம்மும் டிஸ்க்கும் ஹப்போடு சேர்ந்தவை. பற்கள் முழுவதும் தேய்ந்து மழுங்கிவிட்டால், பிரேக்கை மிதிக்கும்போது ஹப் நின்றுவிடும், சக்கரம் மட்டும் தன் பாட்டில் சுற்றிக்கொண்டே போகும். பிரேக்கில் கோளாறே இருக்காது. ஆனாலும் அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. சக்கரமோ வெளியிலிருந்து பார்க்க மிக அழகாக இருக்கும்.

நட்டு விஷயத்திலும் ஒரு நுட்பம் உண்டு. காரின் இடப்பக்க ஹப்பில் வழக்கமான வலஞ்சுழி மரை இருக்கும். வலப்பக்கத்தில் இடஞ்சுழி மரை. கார் முன்னோக்கி ஓடும்போது நட்டு தானாகவே இறுகும்படி செய்த ஏற்பாடு இது. எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று நட்டின் மீதே அம்புக்குறி பொறித்திருப்பார்கள். யாரோ ஒரு மெக்கானிக் ஹப்புகளைப் பக்கம் மாற்றிப் போட்டுவிட்டால், ஓட ஓட நட்டு தளர்ந்துகொண்டே வரும். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்ற பழமொழியின் அர்த்தம் அப்போது நன்றாகப் புரியும்.

எண்களின் மொழி

ரத்தம் எல்லாம் சிவப்புத்தான். ஆனால் பிரிவு பார்க்காமல், நோயாளியின் ரத்தத்தோடு சேர்த்துப் பரிசோதிக்காமல் ஏற்றினால் உயிர் போகும். சக்கரத்துக்கும் இப்படிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவை எண்கள் சொல்லும்.

முதல் எண் விட்டம். அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது அகலம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சக்கரத்தின் அகலம் என்பது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளப்பதல்ல; டயரின் ஓரங்கள் உட்காரும் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம். வெளியே டேப் வைத்து அளந்தால் சுமார் ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும். ஐந்து அங்குலச் சக்கரத்தை ஆறு என்று நம்பி வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கில் வழுக்கியவர்கள்.

மூன்றாவது எண் ஆஃப்செட். சக்கரம் அச்சில் அமரும் முகம், சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உள்ளே அல்லது வெளியே தள்ளியிருக்கிறது என்பது அது. விட்டமும் அகலமும் சரியாக இருந்து இது மட்டும் தவறானால், டயர் உள்ளே ஸ்பிரிங்கில் உரசும் அல்லது வெளியே மட்கார்டில் உரசும். உரசாவிட்டாலும் ஸ்டியரிங் கனக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். தகட்டுச் சக்கரமாக இருந்தால் போல்ட் துளைகளின் வட்டமும் நடுத்துளையின் விட்டமும் கூடப் பார்க்க வேண்டும்.

கம்பிச் சக்கரத்துக்கு இன்னும் இரண்டு உண்டு. ஒன்று மரையின் எண்ணிக்கை. எம்.ஜி.ஏ. ஹப்பில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை, பிந்தைய எம்.ஜி.பி. ஹப்பில் 8 மரை. நட்டுகள் இரண்டும் மேலே பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். மாற்றிப் போட்டுப் பலவந்தமாகச் சுத்தியால் அடித்தால் மரை கெட்டுவிடும். மற்றொன்று அச்சின் அகலம். கம்பிச் சக்கரத்தோடு வந்த எம்.ஜி.பி.யின் பின் அச்சு, தகட்டுச் சக்கரத்தோடு வந்ததைவிடச் சற்றுக் குறுகியது. தகட்டுச் சக்கரக் காரில் இணைப்புத் துண்டு வைத்துக் கம்பிச் சக்கரம் மாட்டினால் சக்கரங்கள் வெளியே தள்ளி நிற்கும். அழகுக்காகச் செய்த மாற்றம் மட்கார்டில் உரசிக்கொண்டு ஓடும்.

கம்பிச் சக்கரத்தில் மட்டும் இந்தச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் போர்ஷே 911 எஸ் காருக்கு 1966 முதல் ஓட்டோ ஃபூக்ஸ் நிறுவனம் ஐந்து இதழ்ப் பூப் போன்ற அலுமினியச் சக்கரம் செய்து கொடுத்தது. முதலில் நாலரை அங்குல அகலம், பிறகு ஐந்தரை, பிறகு ஆறு. அது அடித்து உருவாக்கிய சக்கரம். பின்புறத்தில் பாக எண்ணும் தயாரித்த தேதியும் பொறித்திருக்கும். அதே தோற்றத்தில் வார்ப்பில் ஊற்றிய நகல்களும் சந்தையில் உண்டு. முன்புறம் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆகவே அனுபவசாலிகள் முதலில் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்க்கிறார்கள்.

தேடும் வழி

தேடலின் முதல் படி கடையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பழைய எம்.ஜி. கார்களின் உற்பத்திப் பதிவேடுகள் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. சேஸிஸ் எண்ணை அனுப்பிக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கார் எந்தத் தேதியில் தயாரானது, எந்த நாட்டுக்குப் போனது, எந்த வண்ணம், என்னென்ன கூடுதல் சாமான்களோடு வந்தது என்று பதிவேட்டில் உள்ளபடி சான்றிதழ் தருவார்கள். ஜாகுவார் கார்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஊரில் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அடுத்தது சந்தை. இங்கிலாந்தில் பியூலியூ என்ற ஊரில் செப்டம்பர் மாதத்திலும், அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற ஊரில் அக்டோபர் மாதத்திலும் பழைய கார் பாகங்களுக்கென்றே மாபெரும் சந்தை கூடுகிறது. திருவிழாக் கூட்டம் போல ஜனங்கள் வந்து, துருப்பிடித்த இரும்புக் குவியலில் தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்குகிறார்கள். நம் சென்னையின் புதுப்பேட்டையும் அந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். உடைத்துப் பிரித்த வண்டிகளின் பாகங்கள் சந்துக்குச் சந்து குவிந்து கிடக்கும். வளைகுடாவில் ஷார்ஜா தொழிற்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் ஜப்பானியக் காருக்கு எதுவும் கிடைக்கும். அறுபது வருஷத்துக்கு முந்தைய பிரிட்டிஷ் காருக்குக் கிடைப்பது அதிர்ஷ்டம்.

இந்தியாவில் இந்தத் தேடலுக்கு ஒரு பழைய சோகக் கதை உண்டு. சுதந்திரத்துக்குப் பின் சில ஆண்டுகளில் வெளிநாட்டுக் கார் இறக்குமதி மிகவும் சுருங்கிப்போயிற்று. தோட்டத் துரைமார்களும் ஜமீன்தார்களும் விட்டுப்போன கார்களுக்குப் பாகம் வாங்க வழியில்லை. பட்டறை மெக்கானிக்குகள் அம்பாஸடர், ஃபியட், ஜீப் ஆகியவற்றின் பாகங்களைச் செதுக்கியும் ஒட்டவைத்தும் அந்த வண்டிகளை ஓட வைத்தார்கள். அவர்கள் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கார்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். ஆனால் இன்று அவற்றை மீட்டெடுக்க நினைப்பவர்கள், எது அசல் எது ஒட்டு என்று கண்டுபிடிக்கவே பாதி நாளைச் செலவிட வேண்டியிருக்கிறது. 2021-இல் இந்திய அரசு 50 ஆண்டைக் கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்த பின் இந்தக் கேள்விக்குச் சட்ட முக்கியத்துவமும் வந்துவிட்டது.

பாடியில் பிறக்கும் சக்கரம்

லண்டனிலும் கலிஃபோர்னியாவிலும் கடிதம் எழுதித் தேடுகிற நம்மவர்களுக்கு ஒரு செய்தி ஆச்சரியம் தரும். பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான கம்பிச் சக்கரங்கள் சென்னையிலேயே தயாராகின்றன.

அம்பத்தூருக்குப் போகிற வழியில் பாடி இருக்கிறது. அங்கே டி.வி.எஸ். குடும்பத்துத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்பதைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. அவற்றில் ஒன்று 1960-இல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா. இங்கிலாந்தின் டன்லப் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பிறந்தது. லாரிக்கும் டிராக்டருக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் சக்கரம் செய்வதுதான் அதன் பிரதான வேலை. அதோடு கூட, உலகில் மிகச் சிலரே இன்று செய்கிற கார்க் கம்பிச் சக்கரங்களையும் அது செய்கிறது. எம்.ஜி.யும் ஜாகுவாரும் பிறந்த நாட்டுக்கே அவை கப்பலேறிப் போகின்றன.

இது தற்செயலாக நடந்ததல்ல. கம்பிச் சக்கரத்துக்கு 1960-களின் இறுதியிலேயே மேல்நாடுகளில் மவுசு குறையத் தொடங்கிவிட்டது. தகட்டுச் சக்கரமும் அலுமினியச் சக்கரமும் மலிவு, பராமரிப்பும் குறைவு. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சில ஆயிரம் சக்கரங்களுக்காக ஒரு பிரிவை நடத்துவது கட்டுபடியாகாது. ஏனென்றால் இது பெரும்பாலும் கைவேலை. 60 அல்லது 72 கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோர்த்து, ஒவ்வொரு நிப்பிளையும் அளவோடு இறுக்கி, சக்கரத்தைச் சுழலவிட்டுக் கோட்டம் எடுக்க வேண்டும். ஒரு கம்பியை இறுக்கினால் மற்றக் கம்பிகளின் இறுக்கமும் மாறும். நம் ஊர்ச் சைக்கிள் கடையில் முக்காலியில் உட்கார்ந்து கோட்டம் எடுப்பவரின் கையும் கண்ணும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்தவர்களுக்கு இந்தக் கலை அந்நியமல்ல. மேல்நாட்டில் கைவிடப்பட்ட ஒரு கைத்தொழில் நம் பாடியில் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டு அடையாளம் ஒட்டிய பெட்டியில் வந்தால்தான் பொருள் உசத்தி என்று நினைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது சென்னை ஆளின் கைவேலையாக இருக்கக்கூடும்.

தட்டிப் பார்த்தால் தெரியும்

புதிய சக்கரம் வாங்க எல்லோருக்கும் வசதிப்படாது. பழையதை வாங்குகிறவர்கள், அல்லது காரோடு வந்த சக்கரத்தையே வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், சில பரிசோதனைகளைத் தாங்களே செய்யலாம்.

முதலாவது, கம்பிகளைத் தட்டிப் பார்ப்பது. டாக்டர் மார்பில் விரல் வைத்துத் தட்டிப் பார்ப்பது போலத்தான். சிறிய ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டினால் இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது 'தொப்' என்று சொல்லும். ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளின் மேல் விழுகிறது. அவை களைத்து ஒவ்வொன்றாக அறுகின்றன. ஒன்றிரண்டு தளர்ச்சியை இறுக்கிச் சரி செய்யலாம். பல கம்பிகள் மௌனமாக இருந்தால் அந்தச் சக்கரத்தைப் பிரித்து மறுபடி கோர்க்க வேண்டும்.

இரண்டாவது, பற்களைப் பார்ப்பது. சக்கரத்தைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், நல்ல பல்லின் நுனி தட்டையாக இருக்கும். கத்தி முனை போலக் கூர்மையாகிவிட்டால் அது தேய்ந்த பல். சிவப்புத் தூள் படிந்திருந்தால் இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மாட்டிய நிலையில் பார்க்க வேண்டுமானால், காரை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திக்கொள்ள, மற்றவர் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். 'டக் டக்' என்ற சத்தம் வரக் கூடாது. இங்கே ஒரு முக்கியமான விஷயம்: ஹப்பின் பல் தேய்ந்திருக்கும்போது சக்கரத்தை மட்டும் புதிதாக வாங்கிப் பயனில்லை. தேய்ந்த ஹப் புதுச் சக்கரத்தையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, அலுமினிய, மக்னீசியச் சக்கரங்களில் விரிசல் தேடுவது. அலுமினியம் எத்தனை வருஷம் உழைத்தது என்பதை உள்ளுக்குள் கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும் உலோகம். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒரு நாள் பிளவாகும். மக்னீசியத்துக்கோ உப்புக் காற்றே எமன். சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, வெள்ளைப் பூச்சடித்துப் பார்க்கும் பரிசோதனையை ராஸ் லஃபானில் குழாய்ப் பற்றவைப்புகளுக்குத் தினமும் செய்கிறார்கள். அந்த வேலையில் தேர்ந்த நம்மவர் வளைகுடா எங்கும் உண்டு. அதே சாயம் சக்கரத்தின் கீறலையும் காட்டிக் கொடுக்கும்.

நாலாவது, டயர். கம்பிச் சக்கரத்தில் கம்பிகளின் முனைத் துளை வழியே காற்று கசியும் என்பதால், வழக்கமான வகைக்கு உள்ளே டியூபும், நிப்பிள்கள் டியூபைக் குத்தாதபடி ரப்பர் பட்டையும் அவசியம். பழைய கார் அதிகம் ஓடாது. ஆகவே டயரின் பட்டன்கள் தேயாமல் புதுசு போலவே இருக்கும். ரப்பரோ வெயிலில் நின்று நின்று கிழடாகியிருக்கும். 2000-ஆம் ஆண்டிலிருந்து வந்த டயர்களில், பக்கச் சுவரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் என்று பொருள். பட்டனைப் பார்க்குமுன் இந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

அசலா, பத்திரமா?

இனி, தேடுகிறவர்களுக்குள் ஓயாமல் நடக்கும் ஒரு வழக்கு. எம்.ஜி.ஏ., டிரையம்ஃப் டி.ஆர்.3 போன்ற கார்கள் 48 கம்பிச் சக்கரங்களோடு வந்தன. கடுமையாக ஓட்டினால் அவை போதாது என்று அனுபவத்தில் தெரிந்தது. பின்னர் 60 கம்பிச் சக்கரம் வந்தது. இன்று அந்தக் காரை மீட்டெடுக்கும் ஒருவர் எதைப் போடுவது? 48 போட்டால் பிறந்தபடியே இருக்கும். கண்காட்சியில் நடுவர்கள் மெச்சுவார்கள். 60 போட்டால் பத்திரம். ஆனால் எண்ணிப் பார்ப்பவர்கள் குறை சொல்வார்கள்.

நம் ஆலயங்களில் இந்தக் கேள்வி எப்போதோ எழுந்து, விடையும் கிடைத்துவிட்டது. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அதற்கு இன்று இருப்பவை திருச்சி பெல் தொழிற்சாலை செய்து கொடுத்த இரும்புச் சக்கரங்கள். ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. வேறு பல ஊர்த் தேர்களுக்கும் மரச்சக்கரம் போய் இரும்புச் சக்கரம் வந்திருக்கிறது. தேர் மாறிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. வடம் பிடிக்க வந்த பக்தர்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்பதும் தேர்த் திருப்பணியில் சேர்ந்ததுதான் என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். தேரின் வடிவத்தையும் அலங்காரத்தையும் விட்டுக்கொடுக்காமல், பாரம் தாங்கும் இடத்தில் மட்டும் காலத்துக்கேற்றதை வைத்தார்கள்.

காருக்கும் இதுவே நியாயம். அருங்காட்சியகத்தில் நிற்கப் போகிற காருக்கு 48 கம்பி இருக்கட்டும். சாலையில் ஓடப் போகிற காருக்கு, அதே விட்டம், அதே ஆஃப்செட், அதே தோற்றத்தில் 60 கம்பி இருக்கட்டும். பழைய சக்கரங்களைத் தூக்கி எறிய வேண்டாம்; எண்ணெய் தடவித் துணி சுற்றிப் பத்திரப்படுத்தினால் அடுத்த சந்ததிக்குச் சான்றாக இருக்கும்.

மாட்டிய பின்

ராஸ் லஃபான், அல்கோர் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் உப்பும் மணலும் கலந்தே வருகின்றன. குரோம் முலாமில் ஊசிமுனைத் துளை விழுந்தால் உள்ளே துரு பரவுவது வெளியே தெரியாது. கம்பிகளுக்குச் சரியான முறையில் முலாம் பூசாவிட்டால், எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து கம்பி நொறுங்கும் தன்மை பெறும். ஆகவே கடலோரத்தில் வண்ணம் அடித்த சக்கரமோ, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியோ புத்திசாலித்தனம். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் பற்களில் கிரீஸ் தடவ வேண்டும். நட்டை இரும்புச் சுத்தியால் அடிக்காமல் தாமிரச் சுத்தியால் அடிக்க வேண்டும். புதுச் சக்கரம் மாட்டிச் சிறிது தூரம் ஓடிய பின் நட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

பழைய காரை வைத்திருக்காதவர்களுக்கும் இதில் சேதி உண்டு. சொந்தக் காருக்கு டயரோ பிரேக் பட்டையோ வாங்கும்போது, வீட்டுக்கு எரிவாயு ரெகுலேட்டர் வாங்கும்போது, ஊரிலிருக்கும் தாயாருக்கு மருந்து வாங்கி அனுப்பும்போது, தொழிற்சாலையில் கேட்கிற அதே கேள்விகளைக் கேட்கலாம். எண் என்ன? யார் செய்தது? எப்போது செய்தது? கேட்பதற்குக் காசு செலவில்லை. கடைக்காரர் சிறிது முகம் சுளிக்கலாம், சுளித்துவிட்டுப் போகட்டும். காரில் உட்காரப் போவது நம் குழந்தைகள்.